குலாவா, குடும்ப நீதிமன்றமா? முஸ்லிம் பெண் மணவிலக்குப் பெறும் நான்கு வழிகள்

மணவிலக்குக்காக ஆலோசனை கேட்டு வரும் முஸ்லிம் பெண்களிடமிருந்து அண்மைக் காலத்தில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "ஜமாஅத்தில் குலா வாங்கினால் போதுமா, கோர்ட்டுக்கும் போக வேண்டுமா?" குலா என்பது மனைவி கேட்டு, பொதுவாக மஹரை (மணமகன் தரும் மணக்கொடை) விட்டுக்கொடுத்துப் பெறும் மணவிலக்கு; ஜமாஅத் என்பது பள்ளிவாசலைச் சுற்றி அமைந்த ஊர் முஸ்லிம்களின் அமைப்பு. கேட்டவர்களில் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன்பே குலா பெற்றவர். பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியின் கையொப்பமும் பள்ளிவாசலின் ஊதா முத்திரையும் உள்ள அந்தக் கடிதம் மடிப்பில் கிழிந்துவிடாமல் இருக்க, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். மறுமணம் பேசி முடித்த பிறகு மணமகன் வீட்டார் நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேட்டபோதுதான், அந்தக் கடிதம் எதுவரை செல்லும் என்பது அவருக்குத் தெரிந்தது. அதை வாங்குவதற்காக அவர் தம் மஹரையும், பெற்றோர் போட்ட நகையில் பாதியையும் விட்டுக்கொடுத்திருந்தார்.

தமிழ்நாட்டில் வாழும் முஸ்லிம் பெண்ணுக்குத் திருமணத்திலிருந்து விடுபட நான்கு வழிகள் இருக்கின்றன. ஜமாஅத் அல்லது காஜி (திருமணம், மணவிலக்கு போன்றவற்றைக் கவனிக்கும் மார்க்கப் பொறுப்பாளர்) வழியாகக் குலா பெறுவது முதலாவது. இருவரும் ஒத்துப் பிரியும் முபாரத் இரண்டாவது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி நீதிமன்றத்தில் ஃபஸ்ஹ் (நீதிபதி மணத்தை முறித்து அளிக்கும் தீர்ப்பு) பெறுவது மூன்றாவது. நிக்காஹ்வின்போதே மணவிலக்கு உரிமையை எழுதி வாங்கிக்கொள்வது நான்காவது. எது யாருக்குப் பொருந்தும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். இலங்கை வாசகர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டமும், ஆண்கள் மட்டுமே காதியாக அமரும் காதி நீதிமன்றங்களும் உள்ளன.

எதை வைத்து எடைபோடுவது?

முதலில் பார்க்க வேண்டியது, கணவனுடைய சம்மதம் இல்லாமல் அந்த வழி திறக்குமா என்பது. மணவிலக்கு வேண்டும் என்று வரும் பெண்களில் பலர், தலாக்கும் சொல்லாமல் சேர்ந்தும் வாழாமல் தொங்கவிடப்பட்டவர்கள். அப்படித் தொங்கவிடுவதைக் குர்ஆனே (4:129) கடிந்து பேசுகிறது. இரண்டாவது, மஹர், நகை, இத்தா (மணவிலக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) காலச் செலவு, பிள்ளைகளின் ஜீவனாம்சம் ஆகியவற்றில் எவை மிஞ்சும், எவை பறிபோகும் என்பது. மூன்றாவது, கையில் கிடைக்கும் காகிதம் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் செல்லுமா என்பது. நான்காவது, காலமும் அலைச்சலும். ஐந்தாவதை வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் வரும் பெண்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அல்லாஹ்விடத்தில் இந்தப் பிரிவு செல்லுபடியாகுமா, ஊர் இதை ஏற்குமா என்ற கேள்வி அது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு எந்த ஆலோசனையும் சொல்ல முடியாது என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

குலா அனுமதியா, உரிமையா?

குலாவுக்கு அடிப்படையாக எல்லா மத்ஹபுகளும் (இஸ்லாமியச் சட்ட மரபுகளும்) காட்டுவது, ஸாபித் இப்னு கைஸ் அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்த நிகழ்ச்சி. கணவருடைய குணத்திலோ மார்க்கப்பற்றிலோ தாம் குறை சொல்லவில்லை என்றும், ஆனால் அவரோடு வாழ்ந்து நன்றி கொல்ல விரும்பவில்லை என்றும் அவர் முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுப்பாயா என்று நபி கேட்டார்கள், அவர் சம்மதித்தார். தோட்டத்தைப் பெற்றுக்கொண்டு அவளை ஒருமுறை தலாக் சொல்லிவிடும்படி ஸாபித்திடம் நபி கூறினார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ் இது.

இங்கே விவாதம் முழுவதும் ஒரு சொல்லில் நிற்கிறது. "தலாக் சொல்லிவிடு" என்பது கட்டளையா, அறிவுரையா? அறிவுரை என்று கொண்ட ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின் சட்ட அறிஞர்கள், குலா என்பது கணவன் ஏற்றால் மட்டுமே முழுமையாகும் ஒப்பந்தம் என்றார்கள். தமிழகத்தில் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஷாஃபிஈயும் உள்நாட்டில் பெரிதும் ஹனஃபியும் பின்பற்றப்படுவதால், நம் ஜமாஅத்துகளின் நடைமுறை இந்த வாசிப்பையே பின்பற்றுகிறது. கட்டளை என்று கொண்டால், கணவனிடம் சம்மதம் கேட்கப்படவே இல்லை என்றாகிறது. ஸாபித் என்ன நினைத்தார் என்று நபி விசாரித்ததாக அந்த ஹதீஸில் எதுவும் இல்லை. மனைவியிடம் காரணத்துக்குச் சான்றும் கேட்கப்படவில்லை. தோட்டத்தைத் திருப்பித் தருவாயா என்பது மட்டுமே கேட்கப்பட்டது.

குலாவுக்கு இடம் தரும் குர்ஆன் 2:229ஆம் வசனத்தையும் இதே கவனத்தோடு படிக்க வேண்டும். அல்லாஹ்வின் வரம்புகளை அவ்விருவரும் நிலைநிறுத்த மாட்டார்கள் என்று "நீங்கள் அஞ்சினால்" என அவ்வசனம் பன்மையில், அந்த இருவருக்கும் வெளியே உள்ளவர்களை நோக்கிப் பேசுகிறது. அஞ்ச வேண்டியவர் கணவர் அல்லர், சமூகமும் நீதிபதியும்தாம் என்று வாசிக்க இதில் இடமுண்டு. 4:35 சொல்லும் இரு தரப்பு நடுவர்களுக்குப் பிரித்துவைக்கும் அதிகாரமும் உண்டு என்பது மாலிக்கி மத்ஹபின் நிலைப்பாடு. ஆகவே மனைவி பக்கம் சாய்ந்த வாசிப்பைக் கேட்டவுடன் "இது மேற்கத்தியப் பெண்ணியம்" என்று சொல்பவர்கள், அந்த மத்ஹபின் முதல்வரான மதீனாவின் இமாம் மாலிக்கையே மறந்து பேசுகிறார்கள். மொராக்கோவின் ஃபாத்திமா மெர்னிசி, அமெரிக்காவின் ஆமினா வதூத் போன்ற அறிஞர்கள் கேட்டதும் இதை ஒட்டிய கேள்விதான்: வசனம் என்ன சொல்கிறது என்பதையும், அதை நூற்றாண்டுகளாக வாசித்த ஆண்கள் எந்த இடத்தில் நின்று வாசித்தார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

கட்டளைக்கும் பரிந்துரைக்கும் உள்ள வேறுபாட்டை நபியிடமே கேட்டுத் தெளிந்தவர் ஒரு பெண். அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற பரீரா, தம் கணவர் முகீஸை விட்டு விலகினார். முகீஸ் அவர் பின்னாலேயே தெருவில் அழுதுகொண்டு திரிந்தார். கண்ணீர் தாடியில் வழிந்தது. நபி இரக்கப்பட்டு, அவரிடம் திரும்பலாமே என்றார்கள். "எனக்குக் கட்டளையிடுகிறீர்களா?" என்று பரீரா கேட்டார். பரிந்துரைக்கிறேன் என்று பதில் வந்தது. அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்றார் பரீரா. நபி அதை ஏற்றார்கள். பஞ்சாயத்தில் "பொறுத்துப்போம்மா" என்று பெரியவர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பரீராவின் கேள்வி நினைவுக்கு வரும். அவருடைய வழக்கு சட்டப்படி குலா அல்ல. விடுதலை பெற்ற பெண்ணுக்குக் கிடைத்த தனி உரிமை அது. ஆனாலும் ஒரு பெண்ணின் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு அங்கே கிடைத்த மதிப்பு நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் கிடைப்பதில்லை.

இந்த வாசிப்பு சட்டமாகவும் மாறியிருக்கிறது. பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 1967இல், கணவன் மறுத்தாலும் நீதிமன்றம் குலா வழங்கலாம் என்றது. எகிப்து 2000ஆம் ஆண்டில் அதைச் சட்டமாக்கியது. கேரள உயர் நீதிமன்றம் 2021இல், கணவனின் சம்மதம் இன்றியே மனைவி குலா சொல்லலாம் என்று தீர்ப்பளித்து, 1972 முதல் இருந்த எதிர்நிலைப்பாட்டை மாற்றியது.

1. ஜமாஅத் வழியாகக் குலா

இதன் பலம் அண்மையும் வேகமும். நடக்கும் தொலைவில் பள்ளிவாசல் இருக்கிறது, கணவன் ஒத்துக்கொண்டால் சில வாரங்களில் முடிந்துவிடும், ஊர் ஏற்கும், மார்க்க மனநிறைவும் கிடைக்கும். மறைந்திருக்கும் செலவுகள் பல.

கணவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் கதவு மூடிக்கொள்கிறது. அவனை ஒத்துக்கொள்ளச் செய்வதற்காக நடக்கும் பேரத்தில் மஹர் முதலில் போகிறது, அடுத்து நகை, அடுத்துப் பிள்ளைகளின் செலவு. தவறு கணவனுடையதாக இருந்தால் குலாவுக்காக அவன் எதையும் பெறுவது வெறுக்கத்தக்கது என்பது ஹனஃபி நூல்களிலேயே உள்ள சட்டம். அடி வாங்கிய பெண்ணிடம் மஹரைத் திருப்பிக் கேட்கும் பஞ்சாயத்தில் இதை எடுத்துச் சொல்ல ஆள் இருப்பதில்லை. பல ஊர்களில் அந்தப் பெண் அறைக்குள் இருப்பதுமில்லை; அண்ணனோ வாப்பாவோ உள்ளே பேச, அவர் வெளித்திண்ணையில் காத்திருக்கிறார். தம்மைப் பற்றிய தீர்ப்பைத் தாம் கேட்க முடியாத இந்த நிலையை எதிர்த்துத்தான் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் தலைமையில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது.

காகிதத்தின் பலம் இன்னும் கவலைக்குரியது. காஜிகள் தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டமே அவர்களுக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. 2023 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், குலா பெறும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு, ஆனால் அவர் குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும், ஷரீஅத் கவுன்சில் போன்ற தனியார் அமைப்புகள் குலாவை அறிவிக்கவோ சான்றளிக்கவோ முடியாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. இதன் விளைவைப் பெண்கள் முழுமையாக உணர்வதில்லை. ஜமாஅத் கடிதத்தை மட்டும் நம்பி மறுமணம் செய்துகொள்ளும் பெண்மீது, முதல் கணவன் பகைகொண்டால், இருதார மணக் குற்றச்சாட்டு வைக்க முடியும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு அவளுக்குப் பொருந்தும். தனிச்சட்டப்படி நான்கு மணம் வரை செய்யக்கூடிய அவனுக்கோ அந்த அச்சம் இல்லை.

எனவே, தமிழ்நாட்டில் குலாவைத் தனித்த முடிவாகக் கொள்ளாமல் முதல் படியாகக் கொள்வதே நல்லது. குலா சொல்வதாகவும் மஹரைத் திருப்பித் தரத் தயார் என்றும் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, சமரச முயற்சிக்குச் சான்று வைத்துக்கொண்டு, பிறகு குடும்ப நீதிமன்றத்தில் அதை உறுதிப்படுத்தும் அறிவிப்பைக் கோர வேண்டும். அறிவிப்பு, மஹரைத் தர முன்வருதல், சமரச முயற்சி ஆகிய மூன்றையும் கேரள உயர் நீதிமன்றமும் எதிர்பார்க்கிறது. குற்றம் எதுவும் சொல்ல விரும்பாமல், "எனக்கு அவரோடு வாழ முடியவில்லை" என்பது மட்டுமே காரணமாக உள்ள பெண்ணுக்கு இதுவே ஏற்ற வழி. ஸாபித்தின் மனைவி வந்து நின்ற இடமும் அதுதான்.

2. முபாரத்

இருவரும் பிரிய விரும்பினால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. விருப்பம் இரு பக்கமும் இருப்பதால் மஹரை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒப்பந்தத்தை எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, குடும்ப நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்து மனுச் செய்தால் நீதிமன்றம் அதைப் பதிவு செய்யும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கணவன் மட்டுமே பிரிய நினைக்கும் இடத்திலும், தலாக்கின் பொறுப்புகளிலிருந்து தப்பிப்பதற்காக "முபாரத் போட்டுக்கொள்ளலாம்" என்று பேசுவது இப்போது அதிகமாகக் காதில் விழுகிறது. தலாக் சொன்னால் மஹர் பாக்கியையும், 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கு உரிமைப் பாதுகாப்பு) சட்டப்படி நியாயமான வாழ்வாதார ஏற்பாட்டையும் அவன் தர வேண்டியிருக்கும். அந்த ஏற்பாடு இத்தா காலத்துக்கு மட்டுமன்று, அதற்குப் பின்னுள்ள வாழ்வுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் விளக்கியது. ஆகவே கையொப்பமிடும் முன், பிரிய வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்பதை அந்தப் பெண் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. 1939ஆம் ஆண்டுச் சட்டம்

"கோர்ட்டுக்குப் போவது மார்க்கத்துக்கு வெளியே போவது" என்று தயங்கும் பெண்களுக்கு இந்தச் சட்டம் பிறந்த கதையைச் சொல்வது வழக்கம். ஹனஃபி சட்டப்படி, கணவன் காணாமல் போனாலும் சோறு போடாவிட்டாலும் மனைவிக்கு விடுதலை அரிது. இதனால் பஞ்சாபில் பெண்கள் சிலர், மணத்தை முறிப்பதற்காகவே மதம் மாறினார்கள். இதைக் கண்டு கலங்கிய தேவ்பந்த் அறிஞர் அஷ்ரஃப் அலி தானவி, 1930களின் தொடக்கத்தில், மாலிக்கி மத்ஹபின் காரணங்களை எடுத்தாண்டு அந்தப் பெண்களை விடுவிக்கலாம் என்று விரிவான ஃபத்வா (மார்க்கத் தீர்ப்புரை) வெளியிட்டார். அந்த அடித்தளத்தில்தான் சட்டம் எழுந்தது. நீதிபதி முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற உலமாக்களின் (மார்க்க அறிஞர்களின்) கோரிக்கை மட்டும் சட்டத்தில் இடம்பெறவில்லை. ஒரு மத்ஹபில் வழியடைத்தால் இன்னொன்றில் வழி தேடலாம் என்று கட்டுப்பாடான உலமாக்களே பெண்ணின் துயரத்தைக் கண்டு ஒப்புக்கொண்டார்கள் என்பதை நம் ஜமாஅத்துகள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காரணங்கள் தெளிவானவை. நான்காண்டுகளாகக் கணவன் இருக்குமிடம் தெரியாமை. இரண்டாண்டுகள் ஜீவனாம்சம் தராமை. ஏழாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத் தண்டனை. தக்க காரணமின்றி மூன்றாண்டுகள் இல்லறக் கடமைகளைச் செய்யாமை. கொடுமை ஆகியவை அவற்றுள் அடிக்கடி பயன்படுபவை. கொடுமை என்பதில் அடிப்பது மட்டுமல்லாமல், மனைவியின் சொத்தை விற்பதும், அவளுடைய வணக்க வழிபாட்டைத் தடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருக்கும்போது குர்ஆன் கட்டளைப்படி சமமாக நடத்தாததும் அடங்கும். முஸ்லிம் சட்டம் ஏற்கும் பிற காரணங்களையும் சொல்லலாம்.

கணவனின் சம்மதம் இங்கே தேவையே இல்லை. அதைவிட முக்கியம், 5ஆம் பிரிவின்படி மஹர் உரிமை இதனால் பாதிக்கப்படுவதில்லை. குலா கேட்டு மஹரை இழந்த பெண்களின் கதையைக் கேட்கும்போது, அவர்களில் பலருக்கு இந்தச் சட்டத்தின் கீழ் வலுவான காரணம் இருந்ததைக் காண்கிறேன். இரண்டாண்டாகச் செலவுக்குப் பணம் வராத பெண் எதற்காக மஹரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?

செலவு என்று பார்த்தால், காலம்தான் பெரிய விலை. கணவன் வராமல் இழுத்தடித்தால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளலாம். அந்தரங்கத்தைச் சாட்சிக்கூண்டில் சொல்ல வேண்டியிருக்கும். வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சுபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கும். வழக்கு நடக்கும் காலத்தில் ஜீவனாம்சமும் கேட்கலாம். முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின் கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்திருக்கிறது.

அடி, புறக்கணிப்பு, காணாமல் போதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் என் பரிந்துரை தயக்கமின்றி இந்த வழிதான். தீர்ப்பு கிடைத்ததும் அதன் நகலை ஜமாஅத்தில் கொடுத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். அதன்பின் மறுமணத்துக்குத் தடையில்லாச் சான்று கேட்டு அலையும் துன்பம் குறையும்.

4. நிக்காஹ் நிபந்தனை

மேலே சொன்னவை மூன்றும் துன்பம் வந்த பிறகு தேடும் வழிகள். இது மணமாகப் போகிறவர்களுக்கு. தலாக் சொல்லும் உரிமையைக் கணவன் மனைவிக்கு ஒப்படைப்பதைத் தஃப்வீழ் என்பார்கள். நபி தம் மனைவியருக்குப் பிரிந்து செல்லும் விருப்பத்தை வழங்கிய 33:28–29 வசனங்கள் இதற்கு ஆதாரம். பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் நிக்காஹ்நாமா படிவத்தின் 18ஆம் பத்தி இதற்கென்றே இருக்கிறது. ஆனால் திருமண வீட்டில் அந்தப் பத்தியின்மேல் கோடு இழுத்துவிடும் பழக்கமும் அங்கே உண்டு. இந்திய நீதிமன்றங்களும் இத்தகைய நிபந்தனையை ஏற்றிருக்கின்றன.

ஷாஃபிஈ குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்படைக்கப்பட்ட தலாக்கை மனைவி உடனே பயன்படுத்த வேண்டும் என்பது அம்மத்ஹபில் வலுவான கருத்து. ஆகவே "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதுவதில் சிக்கல் வரலாம். ஷாஃபிஈ நாடுகளான இந்தோனேசியாவும் மலேசியாவும் இதற்கு வேறு தீர்வு வைத்திருக்கின்றன. நிக்காஹ் முடிந்தவுடன் மணமகன், இத்தனை மாதம் செலவுக்குத் தராவிட்டால், அடித்துத் துன்புறுத்தினால், மனைவி முறையிட்டு அது மெய்ப்பிக்கப்பட்டதும் ஒரு தலாக் நிகழும் என்று உறுதிமொழி வாசிக்கிறார். இந்தோனேசியத் திருமணப் புத்தகத்தில் அந்த வாசகம் அச்சிட்டே இருக்கும். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ இதை எழுத விரும்பும் குடும்பம் தம் மத்ஹபை விட்டு விலக வேண்டிய தேவை எதுவும் இல்லை.

இதன் மறைமுக விலை, கல்யாணப் பேச்சில் வரும் சங்கடம். "ஆரம்பத்திலேயே பிரிவைப் பேசலாமா" என்பார்கள். மஹர் என்பதே ஒருவகையில் அந்தப் பேச்சுதான். அதில் பாதியைப் பிறகு தருவதாக எழுதும்போது யாரும் சங்கடப்படுவதில்லை. இரண்டாவது, வாசகம் தெளிவாக இல்லாவிட்டால் நாளை நீதிமன்றத்தில் பயன்படாது. எந்த நிகழ்வு, எத்தனை மாதம், மஹர் என்னாகும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும், இரு சாட்சிகளும் கையொப்பமிட வேண்டும், நகல் பெண்ணிடம் இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றில் தப்தர் (திருமணப் பதிவேடு) என் பக்கம் வந்தபோது பார்த்தேன். மஹர் தொகை எழுதிய வரிக்குக் கீழே இரண்டு வரிகள் வெறுமையாக இருந்தன. மணப்பெண் பேனாவை வாங்கி, கையொப்பம் இடுவதற்கு முன், "இங்கே என்ன எழுதுவது?" என்று கேட்டார். நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் (மார்க்க அறிஞர்) சற்று யோசித்துவிட்டு, "உங்களுக்கு ஏதாவது நிபந்தனை இருந்தால் எழுதலாம்மா" என்றார். கூடியிருந்தவர்கள் நேரமாகிவிட்டது என்றார்கள், பெண் கையொப்பமிட்டார். இந்தக் கட்டுரையைப் படிக்கும் மணப்பெண்கள் அந்த வரிகளுக்கான வாசகத்தை, மண்டபத்துக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதி, மணமகனிடமும் ஹஜ்ரத்திடமும் காட்டி ஒப்புதல் பெற்று, கையில் வைத்திருக்க வேண்டும்.